நாற்பது தொன் பாரம் எந்த உத்தரத்தில் இறங்குகிறது?

ஒருகொடவத்தைச் சந்தியில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும், கொழும்பு எவ்வளவு பாரத்தை நாளாந்தம் இழுத்துக்கொண்டு ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். துறைமுகத்திலிருந்து வரும் நாற்பதடிக் கொன்டெய்னர்கள் சுங்கப் பரிசோதனைத் தளங்களை நோக்கி இங்கே திரும்புகின்றன. கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்தில் நிரப்பிக்கொண்ட பவுசர்கள் பேஸ்லைன் வீதிக்கு ஏறுகின்றன. நாற்பதடிக் கொன்டெய்னர் ஒன்று பெட்டியும் சரக்குமாக வழமையில் 30,480 கிலோ வரை இருக்கலாம். அதை இழுக்கும் பிறைம்மூவரையும் ட்ரெய்லரையும் சேர்த்தால் 40 தொன்னைத் தாண்டிவிடும். 33,000 லீற்றர் பவுசர் என்றால் டீசலின் நிறை மட்டுமே ஏறக்குறைய 28 தொன்.

இவற்றில் பல, வழியில் எங்கோ ஒரு பாலத்தில் ஏறித்தான் ஆகவேண்டும். 2021 நவம்பர் 24ஆம் திகதி திறந்துவைக்கப்பட்ட கல்யாணி பாலம் கட்டுநாயக்க அதிவேகப் பாதையின் பேலியகொடை முனையை ஒருகொடவத்தையோடும் இங்குருகடைச் சந்தியோடும் இணைக்கிறது. களனி ஆற்றின் மேலே 380 மீற்றர் நீளத்துக்கு, ஆறு ஒழுங்கைகளோடு, கோபுரங்களிலிருந்து இறங்கும் கேபிள்களுடன் தெரியும் பகுதியைத்தான் எல்லாரும் படம் பிடிக்கிறார்கள். ஒருகொடவத்தைப் பக்கம் இறங்கும் சாய்வுப் பாதைகளை யாரும் படம் பிடிப்பதில்லை. ஆனால் பாரம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று படிக்க விரும்புகிறவருக்கு அந்தப் பாதைகளின் அடிப்பக்கந்தான் நல்ல பாடப்புத்தகம். தூணுக்குத் தூண் நீளவாக்கில் ஓடும் உத்தரங்கள், அவற்றைக் குறுக்கே கட்டும் இணைப்புகள், மேலே வாகனம் ஓடும் தட்டு. கொழும்பின் பல மேம்பாலங்களின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஏறக்குறைய இதே அமைப்புத்தான்.

‘இந்தப் பாலம் எத்தனை தொன் தாங்கும்?’ என்று கேட்பது வழக்கம். பாலத்தைக் கணிக்கும் பொறியியலாளருக்கு அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. பாலம் முழுசாக நின்று எதையும் தாங்குவதில்லை. ஒவ்வோர் உத்தரமும் தன்மேல் வந்து இறங்கியதைத் தாங்குகிறது. ஆகவே அவர் முதலில் கணக்கிட வேண்டியது, மேலே போகும் 40 தொன்னில் இந்த உத்தரத்துக்கு எத்தனை வரும், பக்கத்து உத்தரத்துக்கு எத்தனை வரும் என்பதை. ஐந்து உத்தரம் இருக்கிறது, 40ஐ ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு எட்டு என்று முடித்துவிடத்தான் மனம் சொல்லும். அப்படி முடித்துக் கட்டினால் ஓரத்து உத்தரம் ஏமாந்துபோகும்.

திருவிழாவில் சாமி காவியவர்களுக்கு இதன் பாதி ஏற்கெனவே தெரியும். காவுதடி விறைப்பானதாக இருந்தால் உயரமான ஆளின் தோள்தான் அழுந்தும். குள்ளமானவரின் தோளுக்கும் தடிக்கும் நடுவே இடைவெளிகூட இருக்கும். தடி வளைந்து கொடுக்கிறது என்றால் பாரத்துக்குக் கிட்ட நிற்பவருக்கே பெரும்பங்கு. காவுகிறவர்களின் தொகை மாறவில்லை, சாமியின் நிறையும் மாறவில்லை, தடியின் விறைப்பு மாறினால் பங்கு மாறுகிறது. பாலத்தில் தடியின் வேலையைச் செய்வது தட்டும் குறுக்கு உத்தரங்களும்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடதாசியும் பென்சிலும் போதும். ஒரே அளவான ஐந்து உத்தரங்கள், இரண்டிரண்டு மீற்றர் இடைவெளியில். நடு உத்தரத்தைச் சுழியம் என்று வைத்தால், மற்றவை அதிலிருந்து இரு பக்கமும் 2 மீற்றரிலும் 4 மீற்றரிலும் இருக்கின்றன. வாகனம் ஓடும் அகலம் ஏறக்குறைய 7.4 மீற்றர், அதாவது இரண்டு ஒழுங்கை. 40 தொன் ட்ரெய்லர் ஒன்று இடது ஒழுங்கையில் வருகிறது. அதன் நடுக்கோடு பாலத்தின் நடுக்கோட்டிலிருந்து 2 மீற்றர் தள்ளி இருக்கிறது. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 1.8 மீற்றர்.

முதலில் தட்டை மிகவும் பலவீனமானதாக எண்ணிக்கொள்வோம். ஒவ்வோர் உத்தரத்தின் மேலும் தட்டு பிணைச்சல் போட்டதுபோல முறிந்து தொங்குகிறது, ஒரு துண்டின் பாரம் அடுத்த துண்டுக்குப் போகாது என்று வைப்போம். அப்போது ஒரு சக்கரம் எந்த இரண்டு உத்தரங்களுக்கு நடுவே நிற்கிறதோ அந்த இரண்டுந்தான் அதைத் தாங்கும். கிட்ட இருப்பதற்குக் கூடுதல். நமது ட்ரெய்லரின் சக்கரங்கள் 1.1 மீற்றரிலும் 2.9 மீற்றரிலும் நிற்கின்றன. இரண்டுக்கும் கிட்ட இருப்பது 2 மீற்றரில் உள்ள உத்தரம். அது ஒவ்வொரு பக்கச் சக்கரங்களின் 20 தொன்னிலும் 11 தொன்னை எடுத்து, மொத்தம் 22 தொன் சுமக்கிறது. ஓர உத்தரத்துக்கு 9, நடு உத்தரத்துக்கு 9. மறுபக்கத்து இரண்டுக்கும் எதுவுமே இல்லை.

இனி மறு எல்லைக்குப் போவோம். குறுக்கு உத்தரங்கள் வளையவே மாட்டாத விறைப்பு என்று வைப்போம். அப்போது பாலத்தின் குறுக்குவெட்டு ஒரு நேர்ப்பலகையாக நடந்துகொள்ளும்: பாரம் ஒரு பக்கம் இருந்தால் பலகை அந்தப் பக்கம் சரிந்து இறங்கும், ஆனால் எங்கும் வளையாது. எந்த உத்தரம் அதிகம் இறங்குகிறதோ அதற்கு அதிக பாரம். இதைச் சூத்திரமாக்கியவர் கூர்போன் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர், 1940இல். ஒவ்வோர் உத்தரத்துக்கும் இரண்டு பங்கு வருகிறது. முதலாவது சமபங்கு, 40ஐ ஐந்தால் வகுத்த 8 தொன். இரண்டாவது சரிவால் வரும் பங்கு: பாரத்தையும், அது நடுவிலிருந்து தள்ளி நிற்கும் தூரத்தையும், உத்தரம் நடுவிலிருந்து இருக்கும் தூரத்தையும் பெருக்கி, எல்லா உத்தரங்களின் தூரங்களையும் வர்க்கித்துக் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். நமது பாலத்தில் அந்தத் தொகை 16, 4, 0, 4, 16 சேர்த்து 40. ஓர உத்தரத்துக்கு 40ஐ 2ஆலும் 4ஆலும் பெருக்கி 40ஆல் வகுத்தால் 8. சமபங்கின் 8ஐயும் சேர்த்தால் 16 தொன். இப்படியே போனால் ஐந்து உத்தரங்களுக்கும் முறையே 16, 12, 8, 4, 0.

இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 9, 22, 9, 0, 0. மற்றதில் 16, 12, 8, 4, 0. தனித்தனியே கூட்டினால் இரண்டிலும் 40தான் வரும். பலவீனமான தட்டில் அடிபடுவது சக்கரத்துக்கு நேர்கீழே உள்ள உத்தரம். விறைப்பான தட்டில் அடிபடுவது ஓரத்து உத்தரம். உண்மையான பாலம் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. அந்த ‘எங்கோ’வைக் கண்டுபிடிக்கத்தான் பொறியியலாளர்கள் எண்பது வருடங்களுக்கு மேலாகப் பாடுபட்டு வருகிறார்கள்.

கூர்போனின் கணக்கில் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். சாரதி இன்னும் ஓரமாக ஒதுங்கி, நடுவிலிருந்து 2.4 மீற்றரில் ஓட்டுகிறார் என்று வையுங்கள். ஓர உத்தரத்தின் பங்கு 17.6 தொன்னாகிறது, மறுகோடி உத்தரத்துக்கு வருவது கழித்தல் 1.6. அதாவது பலகை இந்தப் பக்கம் அமிழும்போது அந்தப் பக்கம் மெல்ல மேலே எழும்புகிறது. பாலத்தின் சொந்த நிறை பெரிதாக இருப்பதால் உத்தரம் உண்மையில் எழும்பிவிடாது, அதன்மேல் உள்ள அழுத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அடுத்தது, இரண்டு ட்ரெய்லர்கள் இரண்டு ஒழுங்கைகளில் சரிசமமாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் என்ன ஆகும் என்பது. மொத்தம் 80 தொன், சரிவு இல்லை, ஐந்து உத்தரங்களுக்கும் ஆளுக்கு 16. ஒரேயொரு ட்ரெய்லர் ஓரத்தில் போனபோதும் அந்த ஓர உத்தரம் 16 தொன்தான் சுமந்தது. பாரம் இரண்டு மடங்காகியும் அதற்கு ஒரு கிலோ கூடவில்லை. பாலத்தின்மேல் எத்தனை வாகனம் என்பதைப்போலவே, அவை குறுக்குவாட்டில் எங்கே நிற்கின்றன என்பதும் பெரிய விஷயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கூர்போன் முறையை எல்லாப் பாலத்துக்கும் போட்டுவிட முடியாது. இந்தியாவில் பாலக் கணிப்பு படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அதன் நிபந்தனைகளை மனப்பாடம் செய்திருப்பார்: பாலத்தின் நீளம் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் நாலு மடங்குக்கும் இடையில் இருக்க வேண்டும், குறைந்தது ஐந்து குறுக்கு உத்தரங்கள் வேண்டும், அவற்றின் ஆழம் நீள உத்தரத்தின் ஆழத்தில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். குட்டையான, அகலமான பாலத்தில் குறுக்குவெட்டு நேர்ப்பலகையாக இருக்காது, வளைந்துவிடும்.

வெறும் தட்டு மட்டும் இருந்தால், குறுக்கு உத்தரமே இல்லாவிட்டால், பங்கீடு நடக்குமா? நடக்கும். 20 சென்ரிமீற்றர் தட்டை 1.2 மீற்றர் ஆழமான உத்தரத்தோடு ஒப்பிட்டால் தடிப்பு ஆறில் ஒரு பங்கு. வளைவை எதிர்க்கும் விறைப்பு தடிப்பின் மூன்றாம் அடுக்கோடு போவதால், ஒரே அகலத்துக்குத் தட்டு 216 மடங்கு நொய்மையானது. ஆனால் உத்தரம் 20 மீற்றர் தூரத்துக்குப் பாய்கிறது. தட்டு உத்தரத்துக்கு உத்தரம் 2 மீற்றர்தான் பாய்கிறது. பாயும் தூரமும் மூன்றாம் அடுக்கோடுதான் கணக்கில் வரும்: பத்தில் ஒரு பங்கு தூரம் என்றால் ஆயிரம் மடங்கு விறைப்பு. 216 மடங்கு இழந்து ஆயிரம் மடங்கு பெற்றதால் அந்த மெல்லிய தட்டு நன்றாகவே பங்கிடுகிறது. நீளமான பாலங்கள் குட்டையானவற்றைவிடச் சீராகப் பாரத்தைப் பகிர்வதற்கும் காரணம் இதுவே. உத்தரம் நீள நீள நெகிழ்கிறது; தட்டு அதே 2 மீற்றரில் விறைப்பாகவே நிற்கிறது.

இடைப்பட்ட உண்மையைத் தேடியவர்களில் முக்கியமானவர்கள் கியோனும் மசொனேயும். கியோன் 1946இல் பாலத்தளத்தை நீளவாக்கில் ஒரு விறைப்பும் குறுக்குவாக்கில் இன்னொரு விறைப்பும் உள்ள ஒரே தகடாக எடுத்துக் கணக்கிட்டார். பெல்ஜியத்தின் மசொனே 1950இல் அதற்குள் முறுக்கு விறைப்பையும் சேர்த்தார். ஒரு தலைமுறைப் பொறியியலாளர்கள் அவர்களின் வரைபுகளைப் பார்த்தே பாலம் கட்டினார்கள். பிறகு கணினி வந்தது. பாலத்தைக் குறுக்கும் நெடுக்குமான கம்பிவலைபோல வரைந்து, ஒவ்வொரு சந்திக்கும் சமன்பாடு எழுதித் தீர்க்கும் முறையை லைட்ஃபுட்டும் சாவ்கோவும் 1959இல் காட்டினார்கள். எட்மண்ட் ஹாம்ப்லி 1976இல் எழுதிய நூல் அதைப் பொறியியலாளர்களின் மேசைக்கே கொண்டுவந்தது. இன்று எந்த அலுவலகத்திலும் மென்பொருள் இதைச் சில நொடிகளில் செய்துவிடும். ஆனாலும் மேலே போட்ட இரண்டு பென்சில் கணக்குகளையும் நான் விடச் சொல்லமாட்டேன். கணினி தரும் விடை அந்த இரண்டு எல்லைகளையும் விட்டு வெகுதூரம் போயிருந்தால் கணினிக்குக் கொடுத்த தரவில்தான் எங்கோ பிழை இருக்கிறது.

அமெரிக்கர்கள் பல பத்தாண்டுகளாக இதைவிடச் சுருக்கமான வழி ஒன்றை வைத்திருந்தார்கள். உத்தரங்களின் இடைவெளியை அடியில் எடுத்து 5.5ஆல் வகு, அத்தனை சக்கர வரிசைகள் ஓர் உள் உத்தரத்துக்கு வரும், முடிந்தது. உருக்கு உத்தரத்தின்மேல் கொங்கிறீற் தட்டு, இரண்டு ஒழுங்கை அல்லது அதற்கு மேல் என்ற நிலைக்கானது அந்த விதி. நமது 2 மீற்றர் 6.56 அடி, வகுத்தால் 1.19 வரிசை. ஒரு வாகனத்துக்கு இரண்டு வரிசை என்பதால் 40 தொன்னில் ஏறக்குறைய 24 தொன். பல சந்தர்ப்பங்களில் இது தேவைக்கு மிஞ்சிய எச்சரிக்கை, சிலவற்றில் போதாத எச்சரிக்கை. பாலத்தின் நீளமோ தட்டின் தடிப்போ அதற்குள் வருவதே இல்லை. 1994இல் வந்த புதிய அமெரிக்க விதிமுறை இவற்றையெல்லாம் சேர்த்துச் சூத்திரத்தை மாற்றியது.

இலங்கையில் பிரித்தானிய முறைதான் நெடுங்காலம் கைக்கொள்ளப்பட்டது. பிஎஸ் 5400 என்ற அந்த விதிமுறை சாதாரணப் போக்குவரத்துக்கு ஒரு பாரமும், அசாதாரணமான பெரிய வாகனத்துக்கு எச்பி என்ற இன்னொரு பாரமும் வைத்திருந்தது. எச்பி வாகனம் கற்பனையானது: நாலு அச்சு, அச்சுக்கு நாலு சக்கரம். ஓர் அலகு என்றால் அச்சுக்கு 10 கிலோநியூட்டன், ஏறக்குறைய ஒரு தொன். 30 அலகு எடுத்தால் நாலு அச்சிலும் சேர்ந்து 120 தொன்; உச்சமான 45 அலகு என்றால் 180 தொன். இந்தப் பதினாறு சக்கரங்களையும் பாலத்தில் முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்த்தி, ஒவ்வோர் உத்தரத்துக்கும் எந்த இடம் மிக மோசமானது என்று தேடுவதே கணிப்பவரின் வேலை. உத்தரத்துக்கு உத்தரம் அந்த இடம் மாறும்.

பங்கு பாலத்தின் நீளத்திலும் மாறுகிறது. இதுவரை சொன்னது பெரும்பாலும் பாலத்தின் நடுப்பகுதிக்கானது. அங்கே உத்தரம் தாழ்ந்து கொடுப்பதால் பக்கத்து உத்தரங்கள் கைகொடுக்க நேரம் கிடைக்கிறது. சக்கரம் தூணுக்குக் கிட்டே, உத்தரத்தின் நுனியில் ஏறும்போது அந்த இடம் தாழ்வதே இல்லை. தாழாத இடத்தில் பங்கீடும் இல்லை. சக்கரத்தின் பாரம் நேரே கீழே உள்ள உத்தரத்தின் நுனிக்கும், அதன் அடியில் உள்ள இறப்பர் தாங்கிக்கும் போய்விடும். அதனால்தான் நுனியில் வரும் வெட்டு விசைக்கு, பிணைச்சல் போட்டதுபோன்ற அந்த முதலாவது கணக்கு இன்றும் பயன்படுகிறது. அந்த நுனியில்தான் விரிவு மூட்டும் இருக்கிறது. மூட்டின் இறப்பரோ உருக்கோ தேய்ந்து ஒரு சிறு படி உண்டாகிவிட்டால், வெறும் பாரத்தோடு மோதலின் பாரமும் சேரும். மேம்பாலத்தின் கீழே நிற்கும்போது கொன்டெய்னர் ஒன்று மூட்டைக் கடக்கும் ‘டமடம’ சத்தம் கேட்கிறதே, அந்த அடியும் பக்கத்து உத்தரங்களுக்குப் பகிராமல் நேராகவே இறங்குகிறது. மூட்டை மாற்றுவது வீதி பழுதுபார்க்கும் வேலைபோலத் தோன்றினாலும் அது உத்தரத்தின் ஆயுளைக் காக்கும் வேலை.

சந்திகளில் இறங்கும் சாய்வுப் பாதைகள் பெரும்பாலும் வளைந்துதான் இறங்குகின்றன. வளைவு வந்தவுடன் கணக்கு இன்னொரு படி ஏறுகிறது. இரண்டு தூண்களை நேர்கோட்டால் இணைத்தால் வளைந்த தளம் அந்தக் கோட்டுக்கு வெளியே பிதுங்கி நிற்கும். பாலத்தின் சொந்த நிறையே அதை வெளிப்பக்கம் முறுக்கப் பார்க்கும். ஆகவே வாகனமே இல்லாத நேரத்திலும் வெளி உத்தரம் உள் உத்தரத்தைவிட அதிகம் சுமக்கிறது. அது நீளமும் கூடியது. இதற்குமேல் வளைவில் வீதி உட்பக்கம் சரிந்திருக்கும். சரிவு 6 விழுக்காடு, கொன்டெய்னரின் நிறைமையம் தரையிலிருந்து 2 மீற்றர் உயரம் என்று வைத்தால், நெரிசலில் ஊர்ந்து போகும் ட்ரெய்லரின் நிறையில் உட்சக்கரங்களில் 57 விழுக்காடும் வெளிச்சக்கரங்களில் 43 விழுக்காடும் விழும். வேகமாகப் போனால் மாறி வெளிச்சக்கரம் அழுந்தும். ஒரே வாகனம், ஒரே ஒழுங்கை; நெரிசல் நேரத்தில் ஒரு பங்கு, நள்ளிரவில் இன்னொரு பங்கு.

ஓரத்துப் பாரம் உத்தரங்களுக்கு இடையிலான தகராறோடு நின்றுவிடுவதில்லை என்பதைச் சீனாவின் வூசி நகரம் 2019 ஒக்டோபர் 10ஆம் திகதி காட்டியது. ஒற்றைத் தூண்களின் மேல் நின்ற மேம்பாலம் ஒன்றின் ஓர ஒழுங்கையில் அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றிய லொறிகள் போனபோது, பாலத்தளம் முழுவதுமாக ஒரு பக்கம் கவிழ்ந்து விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். மேலே பார்த்த கழித்தல் 1.6 தொன்னை நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கிகள் ஒடுக்கமாக வைக்கப்பட்டு, ஓரத்துப் பாரம் பெருத்துக்கொண்டே போனால், மறுபக்கத்து அழுத்தம் குறைந்து குறைந்து சுழியமாகிவிடும். அதற்குப் பிறகு பிடித்துவைக்க எதுவும் இல்லை.

பங்கீடு என்பது பாலம் திறந்த நாளில் கிடைத்து என்றைக்கும் நிலைக்கும் சொத்து அல்ல. நம் ஊரில் சிறிய பாலங்கள் பல, முன்கூட்டியே வார்த்த தலைகீழ் ‘டீ’ வடிவ உத்தரங்களை நெருக்கமாக அடுக்கி, இடையில் கொங்கிறீற் நிரப்பிக் கட்டப்பட்டவை. அங்கே பகிர்வது அந்த நிரப்பலும் குறுக்குக் கம்பிகளுந்தான். மழைநீர் உத்தரங்களுக்கு இடையிலான கோட்டில் இறங்கத் தொடங்கினால் கீழே வெள்ளைக் கோடாகச் சுண்ணாம்பு படியும். பிறகு துருவின் பழுப்பு நிறம் கலக்கும். உத்தரத்தைத் தட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்து உத்தரத்தோடு அதன் தொடர்பு அறுந்துகொண்டிருக்கிறது. தொடர்பு அறுந்த உத்தரம் தன்மேல் வரும் சக்கரத்தைத் தனியே சுமக்கும். பாலங்களைப் பரிசோதிப்பவர்கள் உத்தரங்களின் அடிமுகத்தை விளக்கடித்துப் பார்க்கும் அதே கவனத்தை இந்த வெள்ளைக் கோடுகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2005 டிசம்பர் 27ஆம் திகதி, பிரதான நெடுஞ்சாலை ஒன்றின் மேலாகப் போன லேக்வியூ டிரைவ் பாலத்தின் ஓரத்துப் பெட்டி உத்தரம் முறிந்து கீழே விழுந்தது. உள்ளே இருந்த இழுவைக் கம்பிகள் உப்புநீரால் துருப்பிடித்து அறுந்திருந்தன. அந்த நேரம் அதன்மேல் பாரவாகனம் எதுவும் இல்லை. சொந்த நிறையையே அதனால் தாங்க முடியவில்லை. பக்கத்து உத்தரங்கள் இழுத்துப் பிடிக்குமளவுக்கு இணைப்பும் இருக்கவில்லை.

வீதி அகலிப்பிலும் இதே பிரச்சினை வேறு வடிவத்தில் வருகிறது. பழைய பாலத்தின் பக்கத்தில் புதிய உத்தரங்களை வைத்து, மேலே ஒரே தட்டாகத் தார் போட்டுவிட்டால், பார்ப்பவருக்கு ஒரே பாலம். புதியவை ஆழமானவை, விறைப்பானவை. இரண்டையும் உறுதியாக இணைத்தால் பாரத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். இணைக்காமல் விட்டால் பழைய ஓர உத்தரம் பழையபடி தனியேதான். எது நல்லது என்பது அந்தந்தப் பாலத்தைப் பொறுத்தது. ஆனால் இணைத்ததா இல்லையா என்பது வரைபடத்தில் எழுதப்படாமல் போனால், இருபது வருடம் கழித்து வரும் பொறியியலாளர் எந்தக் கணக்கைப் போடுவது?

இந்தக் கணக்கின் பயனை வீதியில் கண்ணால் பார்க்கும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. துறைமுகத்தில் இறங்கும் பெரிய மின்மாற்றிகளைப் பல அச்சு ட்ரெய்லரில் ஏற்றி மின் உபநிலையங்களுக்குக் கொண்டுபோகும்போது, பாலம் வந்ததும் மற்ற வாகனங்களை மறித்துவிட்டு, நட்டநடுவே, நடைவேகத்தில் கடப்பார்கள். கூர்போனின் பலகையில் 40 தொன் ஓரமாகப் போனபோது ஓர உத்தரத்துக்கு 16. நடுவே போனால் ஐந்துக்கும் எட்டு எட்டு. ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்ததுமே மிகவும் சுமந்த உத்தரத்தின் பாரம் பாதியாகிறது. மெதுவாகப் போவதால் மோதலின் பாரமும் இல்லாமல் போகிறது. பழைய சிறு பாலங்களில் பார ஊர்தி ‘ஒரு நேரத்தில் ஒன்று’ என்று பலகை வைக்கப்படுவதும் இதே தர்க்கத்தில்தான். தன் லொறி பாலத்தின் எந்தக் கோட்டில் ஓடுகிறது என்பதைச் சாரதிகள் அறிந்திருப்பது நல்லது.

அதிகப் பாரம் ஏற்றுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உருக்குப் பாலத்தில் ஒரு தடவை கூடுதலாக ஏற்றினால் எதுவும் நடக்காமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு வாகனமும் உருக்கில் ஒரு சிறு களைப்பை விட்டுவிட்டுப் போகிறது. ஒட்டுவேலைகளில் தகைப்பின் ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கானால், தாங்கக்கூடிய தடவைகள் எட்டில் ஒரு பங்காகக் குறைகின்றன. பங்கீடு கெட்டுப்போன பாலத்தில், சட்டப்படி ஏற்றிய லொறிகூட ஓர் உத்தரத்துக்கு இரண்டு மடங்கு பாரமாக வந்து சேரலாம்.

உண்மையான பங்கை அறிய ஒரே வழி அளந்து பார்ப்பது. உத்தரங்களின் நடுப்பகுதியில், அடிமுகத்தைத் தேய்த்துச் சுத்தமாக்கி, உத்தரம் நீளும் அளவைக் காட்டும், விரல்நுனி அளவான விகாரமானிகளை ஒட்டுவார்கள். கல்லோ மணலோ ஏற்றி, ஒவ்வோர் அச்சாக நிறை பார்த்த லொறியைப் பாலத்தில் ஏற்றி, சுண்ணாம்பால் குறித்த கோட்டில் நிறுத்துவார்கள். ஓரக் கோடு, ஒழுங்கையின் நடு, பாலத்தின் நடு என்று இடம் மாற்றி மாற்றி வாசிப்பு எடுப்பார்கள். உத்தரங்கள் ஒரே அளவானவை என்றால், ஐந்து வாசிப்புகளையும் கூட்டி, ஒவ்வொன்றையும் அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் பங்கு கையில் வந்துவிடும். நல்ல நிலையிலுள்ள பாலங்களில் விகாரங்கள் பெரும்பாலும் கணித்ததைவிடக் குறைவாகவே வரும். கைப்பிடிச் சுவரும் நடைபாதை விளிம்பும் கணக்கில் சேர்க்காத விறைப்பைக் கொடுக்கின்றன. அதை நம்பி அனுமதி நிறையைக் கூட்டுவது ஆபத்து. விளிம்பு ஒருநாள் உடைக்கப்படலாம், சுவர் மாற்றப்படலாம். வாசிப்புகளில் பார்க்க வேண்டியது வேறு. லொறி ஓரத்திலிருந்து நடுவுக்கு நகரும்போது ஐந்து எண்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு படிப்படியாக மாறுகின்றனவா என்று பாருங்கள். ஓர் எண் மட்டும் அயலில் உள்ளதோடு சேராமல் திடீரென்று உயர்ந்து நின்றால், ஏணியை முதலில் அந்த உத்தரத்துக்கும் அதன் பக்கத்து உத்தரத்துக்கும் இடையில்தான் சாத்த வேண்டும்.